பட்டியலை அடியிலிருந்து படிப்பவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டைகர் வுட்ஸ் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஸ்காட்டி ஷெஃப்லர் மேலும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்து இவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்த எனக்கு வருவதில்லை. ஜெயிப்பார்கள். தொப்பியைக் கழற்றிக் கை குலுக்குவார்கள். வங்கிக் கணக்கில் இன்னும் பல லட்சம் டாலர் ஏறும். அதில் நான் பதற்றப்பட என்ன இருக்கிறது?

என் ஆள் வேறு. கோல்ஃப் போட்டி தொடங்கியதும் எல்லோரும் லீடர்போர்டை மேலிருந்து படிப்பார்கள். நான் அடியிலிருந்து படிப்பேன். தகுதிச்சுற்று ஆடி நுழைந்தவர் யார், யாரோ விலகியதால் கடைசி நிமிடத்தில் இடம் கிடைத்தவர் யார், முப்பது வயதுவரை தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் யார், தொப்பையோடு ஆடுகிறவர் யார் என்று தேடுவேன். அப்படி ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் முதல் பத்து இடத்துக்குள் வந்துவிட்டால் அந்த வாரக் கடைசியில் என்னை யாரும் எந்த விசேஷத்துக்கும் கூப்பிட முடியாது. வீட்டில் இது தெரிந்த விஷயம்.

நான் ஆடும் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறேன். பக்கத்திலிருக்கும் பொது மைதானத்தில் ஆடுகிறேன். பதினெட்டுக் குழிகளை 72 ஷாட்டில் முடிக்க வேண்டிய இடத்தில் நூறுக்குள் முடித்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம். பாயசம் அபூர்வம். தனியாகப் போனால் இன்னும் மூன்று பேரோடு சேர்த்து அனுப்புவார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எனக்கு நிரந்தரக் கூட்டாளி ஆகிவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவான வியாதி ஒன்று உண்டு, அடித்த பந்தோடு பேசுவது. அவர் ஆங்கிலத்தில் கெஞ்சுவார். நான், "நில்லு கண்ணு... நில்லுடா... ஐயோ, போயிட்டானே!" என்பேன். பந்து இரண்டு மொழியையும் மதித்ததில்லை.

எளிய ஆட்டக்காரர்களை ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: "அவங்க நம்மள மாதிரி." எனக்கு அது ஒப்பவில்லை. உலகத் தரவரிசையில் 158-வது இடத்தில் இருப்பவர் என்னைப் போல ஆடுகிறவர் இல்லை. எங்கள் மைதானத்துக்கு வந்து ஒற்றைக் கையால் ஆடினாலும் அந்த ஊர்ச் சாதனையை முறியடித்துவிட்டுப் போவார். எனக்கும் அவருக்கும் இருக்கும் தூரத்தோடு ஒப்பிட்டால் அவருக்கும் டைகருக்கும் இருக்கும் தூரம் ஒன்றுமேயில்லை. ஆட்டத்தில் நெருக்கம் இல்லையென்றால் வேறு எதில் நெருக்கம்? அதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மைக்கேல் பிளாக்கிலிருந்து தொடங்கலாம்.

2023 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருக்கும் ஓக் ஹில் மைதானத்தில் பிஜிஏ சாம்பியன்ஷிப். நான்கு மேஜர் போட்டிகளில் ஒன்று. இதை நடத்துவது பிஜிஏ ஆஃப் அமெரிக்கா. வாராவாரம் டிவியில் பார்க்கும் பிஜிஏ டூர் வேறு அமைப்பு, இது வேறு. இது கிளப் ஆசிரியர்களின் சங்கம். கிளப் கடையைப் பார்த்துக்கொள்வது, வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது, போட்டிகளை நடத்துவது என்று வேலை செய்யும் 28,000க்கும் மேற்பட்டவர்கள் இதில் உறுப்பினர்கள். சங்கத்தின் சொந்தப் போட்டி என்பதால் ஆண்டுதோறும் அவர்களில் 20 பேருக்கு இடம் ஒதுக்குவார்கள். இருபது பேரும் வருவார்கள், வியாழன் வெள்ளி ஆடுவார்கள், பெரும்பாலும் வெள்ளி சாயங்காலமே பெட்டியைக் கட்டுவார்கள். பாதிப்பேரை வெளியேற்றும் அந்த 'கட்' யாருக்கும் தயவு காட்டாது.

பிளாக் கலிஃபோர்னியாவில் மிஷன் வியெஹோ என்ற ஊரில் ஒரு பொது மைதானத்தின் தலைமை ஆசிரியர். வயது 46. முதல் நாள் 70, இரண்டாம் நாள் 70, மூன்றாம் நாளும் 70. ஓக் ஹில்லில் பார், அதாவது எடுக்க வேண்டிய ஷாட் கணக்கு, 70 என்பதால் மூன்று நாளும் சரியாகப் பார். அந்த வருடம் இருபது பேரில் 'கட்'டைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஆட வந்தவர் யார் தெரியுமா? ரோரி மெக்கில்ராய். கூட்டம் ரோரியை விட்டுவிட்டு பிளாக் பேரைச் சொல்லிக் கத்தியது.

பதினைந்தாவது குழி 151 கெஜம். பிளாக் 7-அயர்னை எடுத்தார். பந்து குழியைச் சுற்றியிருக்கும் கிரீனில் விழுந்து உருண்டெல்லாம் போகவில்லை. வானத்திலிருந்து நேரே குழிக்குள் இறங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. கூட்டம் போடும் சத்தத்தைக் கேட்டு, பந்து பக்கத்தில் எங்கேயோ நின்றிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார். மெக்கில்ராய் வந்து கட்டிப்பிடித்தபோதும் உள்ளே போய்விட்டதா என்று அவரிடமே கேட்டார். அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஹோல் இன் ஒன் எனக்கு இரண்டாம் பட்சம். நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிகள்தான் விஷயம்.

கடைசிக் குழியில் இரண்டாவது ஷாட் இடது பக்கம் வழிதவறிப் போனது. அங்கிருந்து பந்தைத் தூக்கிக் குழிப் பக்கம் போட்டு, கிரீனில் உருட்டிவிடும் 'பட்'டையும் உள்ளே தள்ளிப் பார் எடுத்தார். மொத்தத்தில் 15-வது இடம். 2,88,333 டாலர் பரிசு. அதற்கு முன் அவர் வாங்கிய பெரிய பரிசு 75,000 டாலர். பதினைந்து பேருக்குள் வந்தால் அடுத்த வருடத்துக்கும் இடம் உண்டு என்பதால், அந்தப் பட் விழுந்ததில் அடுத்த வருடப் போட்டியும் சேர்ந்து விழுந்தது.

கோல்ஃபில் இந்த மாதிரி நடக்க வாய்ப்பிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் உங்களைத் தடுக்க யாரும் இல்லை. கிரிக்கெட்டில் நாலாம் டிவிஷன் பேட்ஸ்மேனுக்கு எதிரே பும்ராவை நிறுத்தினால் கதை ஆறு பந்தில் முடிந்துவிடும். கோல்ஃபில் எதிராளி உங்கள் பந்தைத் தொடவே முடியாது. மைதானம் எல்லோருக்கும் ஒன்றுதான். நாலு நாள் உங்கள் கை சொன்ன பேச்சைக் கேட்டால் போதும், உலக நம்பர் ஒன்னே பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நாலு நாளும் கேட்காது என்பது வேறு விஷயம்.

அதோடு உள்ளே நுழையும் கதவுகளையும் இந்த ஆட்டம் முழுசாகச் சாத்திவிடவில்லை. யுஎஸ் ஓப்பனுக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். திறமையை அளக்கும் ஹேண்டிகேப் கணக்கு பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் அமெச்சூருக்கும் அனுமதி உண்டு. 2023-ல் 10,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், ஆடுவது 156 பேர். உள்ளூரில் பதினெட்டுக் குழி, அதில் தேறினால் ஒரே நாளில் முப்பத்தாறு குழி என்று சல்லடை போட்டுச் சலிப்பார்கள். பிஜிஏ டூர் போட்டிகள் பலவற்றில் திங்கட்கிழமைத் தகுதிச்சுற்று என்று ஒன்று இருக்கிறது, விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியரான அர்ஜுன் அத்வால், 2010-ல் விண்டம் சாம்பியன்ஷிப்புக்குள் அப்படித் திங்கட்கிழமை ஆடித்தான் நுழைந்தார். டூரில் ஆடும் உரிமையான டூர் அட்டையைப் பறிகொடுத்திருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை கோப்பை அவர் கையில்.

ஜான் டேலி கதை இதையெல்லாம் தாண்டியது. 1991 பிஜிஏ சாம்பியன்ஷிப், இண்டியானாவில் க்ரூக்கட் ஸ்டிக் மைதானம். டேலி காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது ஆள். ஒன்பதாவது ஆளுக்கு இடம் வரும் என்று அவருக்கே நம்பிக்கை இருந்திருக்காது. மனைவிக்குப் பிரசவ நேரம் என்று நிக் பிரைஸ் விலகினார். டேலி மெம்ஃபிஸிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, அந்த மைதானத்தில் ஒரு பயிற்சி ஆட்டம்கூட ஆடாமல், நிக் பிரைஸுக்குப் பை தூக்க வந்திருந்த கேடியையே துணைக்கு வைத்துக்கொண்டு இறங்கினார். 69, 67, 69, 71. மூன்று ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. அப்போது அவருக்கு 25 வயது. பின்கழுத்தில் நீள முடி, தோளைச் சுற்றிக்கொண்டு தரையை நோக்கி இறங்கும் மட்டை, மற்றவர்கள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகும் இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே பறக்கவிட்டு அடிக்கும் முரட்டுத்தனம். ரசிகர்கள் நீட்டிய கைகளில் எல்லாம் தட்டிக்கொண்டே நடந்தார்.

1995-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பனையும் ஜெயித்தார். அங்கே ஸ்கோர் சமனானதால் நடந்த பிளேஆஃபில் அவரிடம் தோற்ற இத்தாலியர் கோஸ்டன்டினோ ரோக்கா, ஆட்டக்காரர் ஆவதற்கு முன் பாலிஸ்டைரீன் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினெட்டாவது கிரீனுக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. ரோக்கா அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து பந்தைச் சொதப்பி, அடுத்ததை அதே பள்ளத்தின் வழியாக உருட்டிக் குழிக்குள் விட்டுப் பிளேஆஃபுக்கு வந்தார். விட்டதும் குப்புற விழுந்து தரையைக் குத்தினார். யாருக்குக் கத்துவது என்று எனக்கே புரியாத ஆட்டம் அது. இரண்டு பேருமே என் கட்சி.

ஆனாலும் என் ஆளென்றால் முதலில் ராக்கோ மீடியேட்தான்.

2008 ஜூன், சான் டியாகோவின் டோரி பைன்ஸ். யுஎஸ் ஓப்பன். நகராட்சிக்குச் சொந்தமான மைதானம், மற்ற நாட்களில் யாரும் பணம் கட்டி ஆடலாம். ராக்கோவுக்கு 45 வயது, தரவரிசையில் 158, முதுகு பல வருடமாகப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததே தகுதிச்சுற்றின் கடைசி நூலைப் பிடித்துத்தான். முப்பத்தாறு குழிக்குப் பிறகும் இடம் உறுதியாகாமல், சமநிலையில் நின்ற கூட்டத்தோடு பிளேஆஃப் ஆட வேண்டியிருந்தது. அது நடந்தது எங்கள் கொலம்பஸில். நான் அப்போது இந்த ஊரில் இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஒரு குறை.

எதிரே டைகர். ஏப்ரலில்தான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. இடது காலில் எலும்பு முறிவோடு ஆடிக்கொண்டிருந்தார் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் ராக்கோ ஆட்டத்தை முடித்துவிட்டு ஸ்கோர் எழுதும் இடத்தில் நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டைகர் கடைசிக் குழியில் பேர்டி, அதாவது பாருக்கு ஒரு ஷாட் குறைவாக, எடுத்தால் சமன், தவறினால் ராக்கோ சாம்பியன். டைகரின் டிரைவ், அதாவது முதல் ஷாட், மணல் பங்கரில். இரண்டாவது ஷாட் புல் வளர்ந்த ராஃபில். மூன்றாவது கிரீனில், குழியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி. நாள் முழுக்கக் காலடி பட்டுக் கரடுமுரடான புல்மேல் அந்தப் பட் குதித்துக் குதித்துப் போய் ஓரத்தில் தட்டி உள்ளே விழுந்தது. டைகர் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கர்ஜித்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்ற படத்தை. ராக்கோ சிரித்தார். போடுவான் என்று எனக்குத் தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். வாழ்நாளில் ஒரு மேஜர்கூட ஜெயிக்காத, இனிமேல் வாய்ப்பு வருமா என்று தெரியாத வயதில் இருக்கும் ஆளின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், அவர் ரசிகனைப் போல வியக்கிறார்.

அன்றைய டிவி வர்ணனையில் ஜானி மில்லர், டைகர் வீட்டு நீச்சல் குளத்தைச் சுத்தம் பண்ண வந்தவர் மாதிரி இருக்கிறார் இவர் என்றும், ராக்கோ என்கிற பேர் கோப்பையில் ஏறுவதில்லை என்றும் ஏதோ சொல்லப்போய், இத்தாலிய அமெரிக்கர்கள் கோபப்பட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். ராக்கோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. நீச்சல் குளம் சுத்தம் செய்கிறவர் யுஎஸ் ஓப்பனில் ஜெயித்தால் என்ன குறைந்துவிடும்?

திங்கட்கிழமை பதினெட்டுக் குழிப் பிளேஆஃப். வேலை நாள். அமெரிக்காவில் பாதி ஆபீஸில் அன்றைக்கு வேலை நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். சமாதானச் சின்னம் போட்ட பெரிய பெல்ட் பக்கிளோடு ராக்கோ வந்து நின்றார். பத்துக் குழி முடிந்தபோது டைகர் மூன்று ஷாட் முன்னால். சரி, முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதினைந்தாவது முடிந்தபோது ராக்கோ ஒரு ஷாட் முன்னால்! நடுவில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். கூட்டத்தோடு, கேடியோடு, பந்தோடு, டைகரோடு. டைகர் பதில் பேசுகிற வழக்கம் உள்ளவர் இல்லை, அன்றைக்கு அவரே சிரித்ததைப் பார்த்தேன். பதினெட்டில் மறுபடியும் டைகர் பேர்டி. 71-க்கு 71. அதற்கு மேல் ஒவ்வொரு குழியாக ஆடி, முதலில் தோற்பவர் வெளியே. போட்டியின் 91-வது குழி. ராக்கோவின் டிரைவ் இடது பக்கப் பங்கருக்குள் போனது. அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டைகர் அந்தக் காலோடு அந்த வருடம் அப்புறம் ஆடவே இல்லை.

என்னை இழுப்பது எது என்பது எனக்கு இந்த ஆட்டத்தில்தான் பிடிபட்டது. கோல்ஃப் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆட்டம். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மனப்பயிற்சியாளர்கள் வேறு. நல்ல ஷாட்டுக்கும் கெட்ட ஷாட்டுக்கும் ஒரே முகம், அடுத்த பந்தை மட்டும் யோசி, உணர்ச்சியைச் செலவு செய்யாதே. புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. நான் ஆடும் கோல்ஃப் அப்படி இல்லை. அதில் அலறல் உண்டு, கெஞ்சல் உண்டு, வானத்தைப் பார்த்து முறையிடுவது உண்டு, எதிராளி போட்ட நல்ல பட்டுக்கு மனதாரக் கை தட்டுவதும் உண்டு. ராக்கோவும் பிளாக்கும் எட்டாத உயரத்தில் ஆடினாலும் எங்கள் மைதானத்து பாஷை பேசுகிறார்கள். தபால்காரரும் நானும் செய்வதையெல்லாம் கோடி டாலர் பணயத்தில் செய்கிறார்கள்.

அதே நேரம் கோமாளித்தனம் வேறு, இது வேறு. கேமராவுக்காக ஆடுகிறவர்களை நான் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவேன். இப்போது சமூக ஊடகம் வந்த பிறகு அந்தக் கூட்டம் பெருகிவிட்டது. பூ வீக்லி மாதிரி ஆட்களிடம் நடிப்பு கிடையாது. ஃப்ளோரிடாவின் மில்டன் என்கிற சின்ன ஊர்க்காரர், ரசாயனத் தொழிற்சாலையில் தொட்டிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வேலை பார்த்தவர், கோல்ஃபைவிட மீன்பிடிப்பையும் வேட்டையையும் பற்றிப் பேசுவதில் ஆர்வம். 2008 ரைடர் கோப்பையில் கடைசி நாள் முதல் பந்தை அடித்துவிட்டு, டிரைவரைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு குதிரை ஓட்டுவது போலக் குதித்துக் குதித்துப் போனார். நாட்டுக்காக ஆடும் போட்டி, கைகால் நடுங்கும் நேரம்! அந்த ஆட்டத்தை ஜெயிக்கவும் செய்தார். அதை யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ய முடியாது.

இந்த அன்பில் எனக்குச் சங்கடம் தரும் பக்கமும் ஒன்று உண்டு. கூட்டத்தின் பிரியம் சுலபமாக வரும், அதைவிடச் சுலபமாகத் திரும்பும். பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே டெக்ஸாஸ் போட்டிக்குச் சிறப்பு அழைப்பு வந்தது. போனார். முதல் நாள் 81. கடைசி இடம். அதற்குள் ஒரு பாட்காஸ்டில், மெக்கில்ராய் அடிக்கும் தூரத்துக்கு எனக்கும் அடிக்க முடிந்தால் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவனாக இருப்பேன் என்று சொல்லிவைத்தார். போதாதா? தோளில் தூக்கி வைத்து ஆடியவர்கள் தூக்கிய கையோடு கீழே போட்டார்கள். தலைக்கனம் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "பட் மட்டும் விழுந்திருந்தா 85-ல முடிச்சிருப்பேன்" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று சொல்கிறவர்கள்தானே நாம்? 'மட்டும்' இல்லாத அமெச்சூர் கோல்ஃபர் உலகத்தில் உண்டா? பிளாக் அதைக் கொஞ்சம் பெரிய மேடையில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

'பீஃப்' என்று எல்லோரும் கூப்பிடும் ஆண்ட்ரூ ஜான்ஸ்டன் கதை இன்னும் வருத்தமானது. லண்டன்காரர், அடர்ந்த தாடி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. 2016-ல் ஸ்பானிஷ் ஓப்பன் ஜெயித்தார், அந்தக் கோடையில் ட்ரூனில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் எட்டாவதாக வந்தார். போகும் இடமெல்லாம் "பீஃப்! பீஃப்!" என்று கோஷம். அவரும் யாருக்கும் கையெழுத்து மறுக்காமல் நின்றார். எல்லோருக்கும் பிடித்த ஆளாகவே எப்போதும் இருக்க வேண்டும் என்கிற பாரம் ஒரு கட்டத்தில் அவரை அழுத்தியது. மனநலம் பாதிக்கப்பட்டதை 2019-ல் அவரே வெளிப்படையாக எழுதினார். அதைப் படித்த பிறகு கூட்டத்தோடு சேர்ந்து யாருடைய பேரையும் கத்தும்போது கொஞ்சம் யோசிக்கிறேன். கத்தாமலும் இருக்க முடியவில்லை.

கூட்டம் மறந்துவிடுகிற எளிய ஆளும் உண்டு என்பதை 1999-ல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் காட்டியது. கடைசிக் குழிக்கு மூன்று ஷாட் முன்னிலையோடு வந்த ஃபிரெஞ்சுக்காரர் ஜான் வான் டெ வெல்டே, ஷூவைக் கழற்றி, பேன்ட்டை மடித்துவிட்டு ஓடைத் தண்ணீரில் நின்ற காட்சி எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது யார் என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். பால் லாரி. அதே ஸ்காட்லாந்துக்காரர், தகுதிச்சுற்று ஆடி வந்தவர், காலையில் பத்து ஷாட் பின்னால் இருந்தவர். அவரும் சாமானியர்தான், ஜெயித்தும் காட்டினார். ஆனால் அமைதியான மனிதர். கதையைத் தண்ணீரில் நின்றவர் கொண்டுபோய்விட்டார். வான் டெ வெல்டேவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று: ஏழாவது ஷாட்டாக அந்தக் கடைசிப் பட்டை அவர் உள்ளே போட்டார், அதனால்தான் பிளேஆஃபுக்கே வந்தார். அத்தனை அவமானத்துக்குப் பிறகு கை நடுங்காமல் அந்தப் பட்டைப் போடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நம் ஊர்ப் பக்கம் வந்தால் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நகராட்சி மைதானம் இருக்கிறது. இந்தியாவில் கோல்ஃப் மைதானம் என்றால் பெரும்பாலும் ராணுவம், இல்லை கிளப். கிளப்புக்குள் சாமானியன் நுழைய ஒரே வழி பையைத் தூக்குவது அல்லது புல் வெட்டுவது. அந்த வழியாகத்தான் இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் பெரும்பகுதி வந்தது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-ல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 1993-ல் மறுபடியும். 2009-ல் ஜெயித்த சின்னசாமி முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். மோவ் ஊர்க்காரர் முகேஷ் குமார் உள்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட போட்டிகளை ஜெயித்துவிட்டு, முதல் ஆசிய டூர் பட்டத்தை எடுத்தபோது அவருக்கு 51 வயது.

இவர்களில் எஸ்.எஸ்.பி. சௌரசியாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிக்கும் ஊழியரின் மகன். அந்த மைதானத்திலேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 2008-ல் இந்தியாவில் முதன்முதலாக ஐரோப்பிய டூர் போட்டி நடந்தபோது, வெளிநாட்டுப் பெரிய தலைகள் எல்லாம் வந்திருக்க, டெல்லியில் ஜெயித்தது அவர். தூரம் அடிக்க மாட்டார். கிரீனைச் சுற்றி அவர் கையில் இருக்கும் நுணுக்கம்தான் சொத்து, பிறகு அவருக்கு வந்த பட்டப்பெயரே, கிரீன் பக்கத்தில் பந்தைத் தூக்கிப் போடும் 'சிப்'பையும் 'பட்'டையும் பேரோடு கோத்துச் செய்தது. இந்தியன் ஓப்பனில் இரண்டாவது இடம், இரண்டாவது இடம் என்று வருடக்கணக்கில் அலைந்தார். 2015-ல் பிளேஆஃபில் அனிர்பான் லாஹிரியிடம் தோற்றார். 2016-ல் ஜெயித்தார். 2017-ல் மறுபடியும், ஏழு ஷாட் வித்தியாசத்தில். குதிரை ஓட்டவில்லை, கோஷம் இல்லை, கூட்டத்தோடு பேச்சு இல்லை. பந்து விழுந்ததும் ஒரு சின்னச் சிரிப்பு.

ராக்கோவிடம் பிடித்தது இவரிடம் இல்லையே, பிறகு ஏன் பிடிக்கிறது என்று தபால்காரர் ஒருநாள் என்னை மடக்கினார். நான் சௌரசியாவின் ஆட்டத்தை ஃபோனில் காட்டியிருந்தேன். நல்ல கேள்விதான். அப்பா பராமரித்த மாதிரியான புல்லில் மகன் உறுப்பினர்களின் கைதட்டலுக்கு நடுவே நடந்துபோகிறான் என்றேன். கிளப் பின்வாசல், உறுப்பினர் கட்டணம், யார் எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்பதையெல்லாம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனா அந்த ஆள் கொஞ்சம் கத்தியிருக்கலாம்" என்றார். மறுக்க முடியவில்லை.

மே மாதம் மறுபடியும் பிஜிஏ சாம்பியன்ஷிப் வரும். இருபது கிளப் ஆசிரியர்களின் பேரும் சில வாரம் முன்பே வெளியாகிவிடும். அதை எடுத்து வைத்துக்கொண்டு யார் எந்த ஊர், பொது மைதானமா தனியார் கிளப்பா, வயது என்ன என்று பார்ப்பேன். பெரும்பாலும் அவர்களை விடியற்காலையிலோ வெயில் சாயும் நேரத்திலோ ஆட அனுப்புவார்கள், டிவியில் காட்ட மாட்டார்கள். இணையத்தில் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை நான் விடுப்பு எடுப்பது அதற்காகத்தான், மேலாளருக்குச் சொன்ன காரணம் வேறு.